தூக்குவாளியிலிருந்து போன பெயர்

எங்கள் தெருவில் பாத்திரங்களில் வெட்டிய பெயர்கள் நடக்கும். அவற்றைச் சுமப்பவை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த மூலக்கூறு மோட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, உலோகத்தின் மேல் மட்டும் ஊரும். அங்கே வேலை செய்பவர்களின் டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டன. பெயர் எந்தப் பாத்திரத்துக்குப் போகிறதோ, ஆளும் அந்தப் பாத்திரத்துக்கு உரிய இடத்துக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுத் தணிகாசலம் கல்யாண மண்டபத்து அண்டாவுக்குப் போனார். மனைவி பார்க்கப் போனால், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டு, உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்.

அதனால் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை நம்முடையதோடு சேர்த்து வைக்கக் கூடாது. இது குழந்தைக்கும் தெரியும். நான்தான், பக்கத்து வீட்டு எஸ்தர் கூட்டு கொடுத்தனுப்பிய கிண்ணத்தைக் கழுவி, இடத்தை அடைக்கிறதே என்று எங்கள் தூக்குவாளிக்குள் வைத்துத் தொலைத்தேன். தூக்குவாளியில் இருந்தது என் மனைவி செண்பகவல்லியின் பெயர். காலையில் பார்த்தபோது கடைசி எழுத்து மட்டும் எங்களிடம் மிச்சம். மற்றதெல்லாம் கிண்ணத்தில் ஏறிவிட்டது. இரண்டையும் பிரித்தால் ஆளும் இரண்டாகிவிடுவாள் என்பதால் பிரிக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்து இன்பச்செல்விக்குப் போன் செய்தேன்.

"அதுக்குத் திரும்பி வரத் தெரியாது சார். ஒரே பக்கமாப் போறதுக்குத்தான் செஞ்சோம். குளிர்ல வேணா நிக்கும்" என்றார்.

இரண்டையும் அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். செண்பகவல்லி ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி நின்றுவிட்டாள். அவளைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். புடவை மடிப்பில் பனி படிந்தது; துடைத்துவிட்டேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆபீஸ் கதைகளைச் சொன்னேன். அவளை அனுப்ப எனக்கு மனமே இல்லை.

ஒரு நாள் உதடு அசைந்தது.

"கால் மரத்துப்போச்சுங்க. எடுத்துடுங்க."

"எடுத்தா என்னை மறந்துடுவியே."

"ரொம்பக் குளிருதுங்க."

எடுத்தேன். அந்த ஒற்றை எழுத்தும் மெதுவாக ஏறிப் போயிற்று. அவள் மற்றக் காலையும் எடுத்து வைத்துப் படியிறங்கினாள். கிண்ணம் அவர்களுடையது, வைத்துக்கொள்ள முடியாது. தூக்குவாளியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்போரம் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பக்கத்து வீடா?"

"ஆமாங்க" என்றேன்.

சாயங்காலம் எஸ்தர் தூக்குவாளியைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"வெறுமனே குடுக்கக் கூடாதுல்லண்ணே" என்றாள்.

திறந்து பார்த்தேன். உள்ளே செண்பகவல்லியின் "என்னங்க" இருந்தது. அந்த வீட்டில் அது அவளுக்குத் தேவைப்படாதாம். இன்னும் ஆறவில்லை. பாதியை ராத்திரிக்கு எடுத்து மூடி வைத்தேன்.