பீரில் சொன்ன வாழ்த்து

திராட்சை பறித்து முடிந்த வாரம். ஜும்பெரின் நிலவறையில், மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த தாழிகள் நுரைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தன. தலைநகர் திபிலீசியிலிருந்து வந்திருந்த லெவானும் அவன் கூட்டாளிகளும் அவர் ஊற்றிக் கொடுத்த ஒயினை மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்கள். அப்புறம் லெவானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, இங்க பீர் காய்ச்சுறாங்களாமே, எந்தப் பக்கம்?"

ஒயினுக்கென்றே பிறந்த ககேத்தியில், அதுவும் ஜும்பெரிடம், அதுவும் அவருடைய தாழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்கிறான்! அவர் முற்றத்துக்கு எதிரே இருந்த பழைய மாட்டுக் கொட்டகையைத் தாடையால் காட்டினார்.

கொட்டகை இப்போது அவருடைய ஒரே மகள் லாமாராவின் ராஜ்யம். ஒயின் தொழிலைப் படித்துவிட்டு வா என்று ஜெர்மனிக்கு அனுப்பினார். அவள் பீர் காய்ச்சப் படித்துக்கொண்டு வந்து நின்றாள். இத்தனைக்கும் அவள் பீரில் பாதி அவர் தோட்டம்தான். பிழிந்த திராட்சைச் சக்கையை பார்லிச் சாற்றில் போட்டுப் புளிக்கவைப்பாள். சக்கையைக் கேட்டால் கொடுப்பார். குடித்துப் பாருங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஊரார் புகழ்ந்தாயிற்று, தலைநகரத்துக் கடைக்காரர்கள் தேடி வந்தாயிற்று. லாமாராவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் நாக்கு என்றால் அப்பாவின் நாக்கு. அது ஒரு தரம் தன் பீரைத் தொட்டு, தேறுமா தேறாதா என்று சொல்லிவிட வேண்டும். காறித் துப்பினாலும் சரி. மூன்று வருஷமாக இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு விருந்தாளிகளின் பின்னாலேயே அவரும் கொட்டகைக்குள் நுழைந்தார். மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு ஊத்தும்மா" என்றார்.

கின்காலிக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்த அம்மா எதேரி அப்படியே நின்றுவிட்டாள். லாமாரா ஊற்றிய வேகத்தில் நுரை மேஜையெல்லாம் வழிந்தது.

"அப்ப விருந்துக்குத் தலைவர் நீங்கதான் மாமா! இருங்க, வாழ்த்துச் சொல்ல ஒயின் எடுத்துட்டு வரேன்" என்று லெவான் எழுந்தான்.

"உக்காருப்பா. இன்னைக்கு நான் வாழ்த்தப்போற ஆளுங்களுக்கு பீரே போதும்."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. ஒயினைத் தூக்கி ஒருவர் பேரைச் சொன்னால் ஆசி, பீரைத் தூக்கிச் சொன்னால் சாபம். வேண்டாதவனைத்தான் பீரில் வாழ்த்துவார்கள். இது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"போன வருஷம் என் தோட்டத்தை மொட்டையடிச்சிட்டுப் போன ஆலங்கட்டி மழைக்கு!" என்றார். எல்லோரும் ஒரே மூச்சில் குடித்தார்கள்.

"சாயத் தண்ணிய ஒயின்னு வித்து மாளிகை கட்டின மகராசன்களுக்கு! நல்லா இருக்கட்டும்!" மறுபடியும் கோப்பைகள் காலியாயின.

லாமாராதான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தாள். பின்னே? அப்பா தன் பீரைக் குடிக்கிறார், அதுவும் இரண்டாவது கோப்பை! அவர் மீசையில் ஒட்டியிருந்த நுரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்று மூன்றாவது கோப்பையை அவளே விளிம்புவரை நிரப்பினாள்.

ஜும்பெர் எழுந்து நின்றார்.

"என் மக லாமாராவுக்கு."

சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, கோப்பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

விளையாட்டாக இருக்குமோ என்று அவர் முகத்தில் தேடினார்கள். இல்லை. லெவானின் கோப்பை பாதி வழியில் நின்றது. குடித்தால் அந்தப் பெண்ணைச் சபித்ததாகிவிடும். மெல்லக் கீழே வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். அவளிடம் பிரியமுள்ள எவரும் இனி அந்தக் கோப்பைகளைத் தொட முடியாது. அவள் காய்ச்சியதிலேயே ஆகச் சிறந்த பீர் மேஜை நெடுக நுரை அடங்கிக் கிடந்தது.

"நீ மனுசனாய்யா? பெத்த புள்ளையப் போயி..." என்றாள் எதேரி.

லாமாராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர் முன்னால் மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். பீர் எப்படிப்பா இருந்துச்சு?"

மட்டம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ருசி விஷயத்தில் அந்த மனிதர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. கவிழ்த்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. அதான் வயிறு எரியுது."

முற்றத்தைக் கடந்து தன் தாழிகளிடம் போய்விட்டார்.

லாமாரா ஏங்கிக் கிடந்த வார்த்தை கிடைத்துவிட்டது. அவள் நிரம்பிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கொட்டினாள்.