பிறந்த தேதி, எட்டு எண்களில்

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவள் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, "இதையும் எழுதித் தொலைச்சிடாதடா" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

'வெயில் ஏறிய ஒரு முற்பகலில், அலுவலகத்தின் மின்விசிறி...'

(வேண்டாம். மின்விசிறிக்கு இதில் வேலையே இல்லை.)

கணவனின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு வெளியேறிய ஒரு பெண், தான் தங்கியிருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்று மனுப் போட வந்தாள். மனுவில் அந்த முகவரி இருந்தது. அதை அவள் சரிபார்ப்பதற்காக, அக்கா கோப்பைப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்பினாள்: 'திறக்க, உங்கள் பிறந்த தேதியை எட்டு எண்களில் இடவும்.'*

* எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அங்கே இப்படித்தான். பல வருடங்களாக யாரும் யோசித்ததில்லை.

3

பத்து நிமிடம் கழித்து, வந்து சேர்ந்ததா என்று கேட்க அக்கா போன் செய்தாள்.

"எந்த மெயிலுக்குங்க அனுப்புனீங்க?"

"நீங்க படிவத்துல எழுதிக் குடுத்ததுக்குத்தாம்மா."



"ஐயோ... பழக்க தோஷத்துல எழுதிட்டேங்க. அது அவரு போன்லயும் வரும்."

"பூட்டித்தாம்மா அனுப்பி..." என்ற அக்கா பாதியில் நிறுத்தினாள். கட்டிய புருஷனுக்குத் தெரியக்கூடாத கோப்புக்கு, பெண்டாட்டியின் பிறந்த தேதியையே பூட்டாகப் போட்டிருக்கிறாள்.

4

'அவன் போனை எடுத்து, முதல் இரண்டு எண்களை...'

(இதற்கு மேல் நகரவில்லை. அவனை எனக்கு எழுத வரவில்லை.)

ஆறுதலாக ஒரு முடிவு யோசித்தேன்: மனைவியின் பிறந்த நாளே அவனுக்கு நினைவில்லை, கோப்பு திறக்கவில்லை. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"அவளும் அதேதான்டா சொன்னா. 'ஒரு வருஷம்கூட ஞாபகம் வெச்சதில்லீங்க'ன்னா. உடனே அவளே, 'ஆனா என் சர்டிபிகேட்டெல்லாம் அங்க பீரோவுலதான் இருக்கு'ன்னா."

அதற்குப் பிறகு அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

போனை வைத்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல், கிடைத்த வண்டியில் ஏறிவிட்டாள் அந்தப் பெண். வக்கீலம்மா போலீசுக்குச் சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் அக்கா கடவுச்சொல்லைப் போனில்தான் சொல்கிறாள். அதற்கும் முன்னால், "இந்த மெயில வேற யாராச்சும் பாப்பாங்களா?" என்று கேட்கிறாள்.

மெயில் போன அன்று மாலையே, அந்தப் பெண் காலி செய்த வீட்டின் கதவை யாரோ வெகுநேரம் தட்டினார்களாம். வீட்டுக்கார அம்மா திறக்கவில்லை. தட்டியது யார் என்று அக்காவுக்குத் தெரியாது. தபால்காரராகவும் இருக்கலாம். கதவுக்கு வெளியே யாரை நிறுத்துவது என்பதை உங்களிடம் விடுகிறேன், எனக்குத் தைரியமில்லை.

உள்ளே அவளும் பிள்ளையும் இல்லை. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.