துணை விவரத்துடன்

"உங்க சித்தப்பா தவறிட்டாரா மேடம்? ஒரு வார்த்தை சொல்லலையே," என்று டயாலிசிஸ் மையத்தின் வேன் டிரைவர் கேட்டபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"வாயைக் கழுவுங்க. ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"போன வாரத்துல இருந்து லிஸ்ட்ல அவர் பேர் வரலை. இங்க பேர் நின்னுட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததா?"

வேன் டிரைவருக்கும் நர்சுகளுக்கும் அந்த லிஸ்ட்டைக் கொடுப்பது அவள் எழுதிய புரோகிராம். டேட்டாபேஸிலிருந்து லிஸ்ட் எடுக்கும் பழைய குவெரிகளைப் பைத்தான் மொழிக்கு மாற்றச் சொல்லி, எதற்கெடுத்தாலும் பறப்பதால் 'அவசரம்' என்று பெயர் வாங்கிய மேலாளர் ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்: 'நோயாளிகள், துணை விவரத்துடன்.' அவளும் மளமளவென்று எழுதித் தள்ளினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் துணையாக வருபவரைத் தேடு; கிடைத்தால் இருவரையும் லிஸ்டில் சேர். கிடைக்காவிட்டால்? அதை எழுதவே இல்லை. பழைய குவெரியில் 'லெஃப்ட் அவுட்டர் ஜாயின்' என்று தெளிவாகத்தான் இருந்தது. துணை இல்லாவிட்டாலும் நோயாளியை விட்டுவிடாதே, துணைக்குரிய இடத்தை மட்டும் காலியாக வை என்று அதற்குப் பொருள். சோதித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகவே வந்தது. சோதனைக்கு எடுத்தவர்கள் எல்லோருக்கும் மனைவியோ மகனோ இருந்தார்கள்.

சித்தப்பா தனிக்கட்டை.

அவள் புரோகிராமைத் திறந்தாள். திருத்தி ஓட்டினாள். சித்தப்பாவோடு இன்னும் மூன்று பேர் லிஸ்டில் புதிதாக எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்டா வேன் ரிப்பேர்னு சொல்லி வைப்போம்மா," என்றார் அவசரம்.

"நீங்க என்னவோ சொல்லிக்குங்க சார். நான் கூட்டிட்டு வரப் போறேன்."

சித்தப்பா வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் நாற்காலியிலேயே இருந்தார். முகம் ஊதி, கண் இரண்டும் கீற்றாகச் சுருங்கியிருந்தன. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சைத் தேட வேண்டியிருந்தது.

"ஏன் சித்தப்பா, ஒரு போன் போடக்கூடாதா?"

"இடம் பத்தலை போல... குடும்பஸ்தங்களை முதல்ல பாப்பாங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "நீதான் அங்க இருக்கியே கண்ணு. காரணம் இல்லாமலா என்னை விட்டுடுவ?"

அவள் வாசலுக்கு ஓடி வேன் டிரைவரைக் கூப்பிட்டாள். டிரைவர் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி வேனில் கிடத்தினார்.

மையத்தில் மெஷினைப் பொருத்திய டாக்டர், "ஏன் இத்தனை நாள் வரலை?" என்றார்.

"என் புரோகிராம் அவரை விட்டுடுச்சு டாக்டர். நான்தான் விட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதயம் தாங்கணும். இப்போ எதுவும் சொல்றதுக்கில்லை."

மற்றவர்களை அழைத்துவரப் போன டிரைவரிடமிருந்து போன் வந்தது.

"ரெண்டு பேரை ஏத்திட்டேன் மேடம். மூணாவது வீடு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. செருப்பு வாசல்லயே கிடக்கு."

"நல்லாத் தட்டுங்க."

"தட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

அவர் போனை அணைக்கவில்லை. கதவு இடிபடும் சத்தம் கேட்டது. நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் யாரோ, "நேத்துல இருந்தே உள்ளே சத்தம் இல்லைங்க," என்பதும் கேட்டது.