நாலும் ஏழும்

பிப்ரவரி 19, வியாழக்கிழமை, காலை 10.40. பள்ளியின் இரண்டாம் மாடி இசை அறையில் ஒன்பது சைலபோன்களிலிருந்தும் நான்காவது, ஏழாவது கட்டைகள் கழற்றப்பட்டு மேசை டிராயரில் வைக்கப்பட்டன.

கழற்றியவர் பாட்டு டீச்சர். மீதி ச, ரி, க, ப, த. எட்டாவது மேல் ச. இவற்றில் எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு பாடவேளையில் சொந்த மெட்டுப் போட்டுவிடுவார்கள் என்று தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்திருந்தார். 11.20-க்குத் தலைமையாசிரியை கேட்க வருவார். ஒரு மெட்டாவது தேறாவிட்டால் செவ்வாய்க்கிழமை இசை வகுப்பு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும்.

பலகையில் எட்டுக் கட்டங்கள் வரைந்தார். கட்டத்துக்கு ஒரு கட்டையின் எண், கடைசியில் 1.

"ஒன்னு, அதாவது ச. அதுதான் வீடு. எங்க சுத்தினாலும் வீட்டுக்கு வந்துடணும்."

முதல் குழு வாசித்தது குப்பை வண்டிப் பாட்டு.

"இது தெருவுல தினம் கேக்குறதுடா!"

"வீட்டுக்கு வரணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? அது எங்க வீட்டுக்கு வருதே."

இரண்டாவது குழுவும் அதையே வாசித்தது. மூன்றாவது குழு அதைப் பின்னாலிருந்து வாசித்தது.

"வண்டி ரிவர்ஸ் எடுக்குது, மிஸ்."

நான்காவது குழு எட்டுக் கட்டத்திலும் 1 போட்டிருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை.

11.10-க்கு, வகுப்பே தொணதொணப்பு என்று அழைக்கும் பெண் எழுந்தாள்.

"மிஸ், எங்களுக்கு மெட்டே வரல. என் லைப்ரரி கார்டு நம்பரைப் போட்டுட்டோம். எட்டு நம்பர், கடைசியில ஒன்னு. எல்லாம் சரியா இருக்கு. ஆனா நடுவுல நாலும் ஏழும் வருது. அதை மட்டும் குடுங்களேன்."

"அது ரெண்டும் வேணாம்னுதானே கழட்டி டிராயர்ல போட்டேன்!"

"அப்ப அந்த இடத்துல என்ன செய்யறது?"

"சும்மா இரு தாயே, சும்மா இரு!"

அவள் உட்கார்ந்து இரண்டு கட்டங்களில் "சு" என்று எழுதினாள்.

தலைமையாசிரியை ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். பின்னால் கணக்கு வாத்தியார், கையில் கால அட்டவணை. குப்பை வண்டி மூன்று முறை போனது. நான்காவது குழு வீட்டிலேயே இருந்தது.

"இதுக்கு எதுக்கு டீச்சர் ஒரு பீரியடு? காலையில வாசல்ல நின்னா போதுமே" என்றார் கணக்கு வாத்தியார்.

அடுத்தது தொணதொணப்பின் குழு. க, ப, த என்று ஏறியது. ஒரு தட்டு அமைதி. ஒரே ஒரு ப. மறுபடி அமைதி, மின்விசிறி மட்டும் கேட்டது. பிறகு ரி, ச.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றார் தலைமையாசிரியை. வாசித்தார்கள். "நடுவுல நிறுத்த யாரு சொல்லிக்குடுத்தது?"

"மிஸ்தான். சும்மா இருன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அதான் ரெண்டு இடத்துல இருந்தோம்."

பாட்டு டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை புதிய கால அட்டவணை ஒட்டப்பட்டது. ஆறாம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை, நான்காம் பாடவேளை: இசை.