சாட்சிக்கு நின்றவள்

மாடி போர்ஷனை வாடகைக்கு விடும்போதே நான் கறாராகச் சொல்லிவிட்டேன். "மதம் மாத்தற வேலையெல்லாம் என் வீட்டுல வேண்டாம். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். துணி காயப்போட்டா கிளிப் போடணும்." பெர்னார்ட் சார் மூன்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். அல்போன்சாம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏமாந்துதான் நான் சாவியைக் கொடுத்தேன் என்று என் வீட்டுக்காரர் ரங்கநாதன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அவர்கள் மலேசியாக்காரர்கள், ஈப்போ பக்கம். ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர் சார். பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டிய வயதில், அவர்களுடைய சின்னச் சபை "பெங்களூருக்குப் போய் ஊழியம் செய்துவிட்டு வாருங்கள்" என்றதும் இரண்டு பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டார்கள். நாங்கள் வாணியம்பாடியை விட்டுப் பெங்களூர் அடுகோடிக்கு வந்ததற்காவது பொம்மசந்திராவில் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த வேலை காரணம். இவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று எனக்குப் புரியவே இல்லை.

விடியும் முன்பே மேலே ஜெபத்துக்கு முழங்கால் போடுகிற சத்தம் கேட்கும். அல்போன்சாம்மாவுக்கு மூட்டு வலி, எழுந்திருக்கும்போது "ஆண்டவரே" என்று தனியாக ஒரு ஜெபம் உண்டு. பிறகு கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு பஸ் பிடிப்பார்கள். பொம்மசந்திராவில் தொழிலாளிகளின் தகர வீடுகளுக்குப் போய் சார் புண்ணுக்கு மருந்து போடுவார், அல்போன்சாம்மா பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிக்கச் சொல்லித்தருவார். எங்கே போனாலும் சேர்ந்துதான். ஒருவரை விட்டு ஒருவர் தனியாகப் போகக் கூடாது என்பது ஊழியத்தின் விதி. அரைக் கிலோ தக்காளிக்குக்கூட ஜோடியாக இறங்கி வருவார்கள்.

காபி, டீ தொடமாட்டார்கள். முதல் நாள் நான் கலந்து கொடுத்த காபியை வேண்டாம் என்றதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ராகி மால்ட்டில் சமாதானமானேன். ஊரில் அவர்கள் மகளுக்குப் பிரசவம் ஆன சமயத்தில் எஸ்.டி.டி. பூத்திலேயே உட்கார்ந்து அல்போன்சாம்மா அழுதார். ஊழியக் காலம் முடியாமல் ஊருக்குப் போகக் கூடாதாம், அதுவும் விதி. "போய்ப் பாத்துட்டு வந்தா சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன். "ஒத்துக்கிட்டு வந்தாச்சும்மா. சொன்ன சொல் இருக்கு லா," என்றார் சார் அவருடைய மலேசியா இழுப்பில். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேல் ஹாலில் பத்துப் பேர் கூடிப் பாடுவார்கள். அதற்கு மட்டும் சம்மதித்திருந்தேன். நான் போய் வாசற்படி ஓரத்தில் உட்காருவேன். பக்தி எல்லாம் இல்லை, வேடிக்கைதான். முந்தின நாள் அல்போன்சாம்மா தன் கையால் சுட்ட ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிட்டு ஒரு தட்டில் வரிசையாக அனுப்புவார்கள். ஞானஸ்நானம் ஆனவர்கள் மட்டும்தான் எடுக்கலாம்; அவர்களிலும் மனதில் குற்றம் உள்ளவர்கள் அதைச் சரிசெய்யும்வரை எடுக்கக் கூடாது. ஆட்டோக்காரனைக் கழுதை என்று திட்டிய வாரம் சார் ரொட்டி எடுக்கவில்லை. அந்த ஆட்டோக்காரனை ஸ்டாண்டு ஸ்டாண்டாகத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மறுவாரம் எடுத்தார். ஆட்டோக்காரன் பயந்தே போயிருப்பான்.

இத்தனை அலைந்தும் புதிதாக ஞானஸ்நானம் வாங்கியது ஒரே ஒரு ஆள், ஷில்பா. எதிர்ச் சந்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற அசோகனின் மகள், நர்ஸுக்குப் படித்தவள். அல்போன்சாம்மாவிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்தவள் அப்படியே ஒட்டிக்கொண்டாள். அசோகன் குடும்பம் அவர் அப்பா காலத்திலேயே புத்த மதத்துக்குப் போனது. "எந்தச் சாமியானா என்ன, பொண்ணு சந்தோஷமா இருந்தா போதும்," என்று அவரும் விட்டுவிட்டார்.

ஞானஸ்நானத்துக்கு இடம் எது? என் மொட்டை மாடியில் இருக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி. வீடு கட்டும்போது கட்டியது, இடுப்பளவு ஆழம். முடியாது என்றுதான் ஆரம்பித்தேன். அல்போன்சாம்மா சிரித்தார். முடிந்தது கதை.

"ராத்திரியில, யாரும் பாக்காம வெச்சுக்கங்களேன்," என்றேன்.

"ரகசியமா செய்ய இது திருட்டு இல்லையேம்மா," என்றார் சார். "ஆனா முழுசா முழுகணும். ஒரு விரல், ஒரு முடி வெளிய தெரிஞ்சாலும் செல்லாது. அதைப் பாக்கத்தான் சாட்சி நிக்கும். இவதான் சாட்சி," என்று மனைவியைக் காட்டினார்.

"அப்ப ஒரே தடவையில முழுக்குங்க. ரெண்டாவது தடவைக்கு என்கிட்ட தண்ணி கிடையாது."

சனிக்கிழமை காலை, நல்ல வெயில். சுற்றியிருக்கிற மாடிகளிலெல்லாம் தலைகள். வெள்ளை உடுப்பில் ஷில்பா தொட்டியில் இறங்கினாள். தோள் வலியோடு சார் கண்ணை மூடி ஜெபம் சொல்லி அவளைப் பின்பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் வழிகிறதே என்ற வயிற்றெரிச்சலில் நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு, நெற்றி, கால் கட்டைவிரல், பின்னலின் நுனி, எல்லாம் உள்ளே போனது. நாலு குமிழி மேலே வந்தது. அவள் எழுந்தபோது அல்போன்சாம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஷில்பாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வந்தது, எஸ்.சி. கோட்டாவில். சான்றிதழைச் சரிபார்க்கிற நேரத்தில் யாரோ புண்ணியவான் மொட்டைப் பெட்டிஷன் தட்டிவிட்டான். புத்த மதத்துக்குப் போனாலும் அந்தச் சலுகை உண்டு, கிறிஸ்தவரானால் கிடையாது. இந்தச் சட்டம் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து வந்த இந்த இரண்டு பேருக்கும் தெரியாது. ஊரே பார்க்க முழுக்கி எடுத்தார்களே, அதுதான் வினை.

அசோகன் பட்டறை உடுப்போடு மாடிக்கு வந்தார். நானும் கூடவே போனேன்.

"சார், விசாரிக்க ஆபீசர் வருவாரு. மாடியில சும்னே, சும்மா ஒரு பூஜை மாதிரி நடந்துச்சு, அவ இங்கிலீஷ் படிக்கத்தான் வரான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

பெர்னார்ட் சார் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இந்தச் சட்டம் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன். ஆனா என் வாயால பொய் வராது."

"உங்க வாய் சுத்தமா இருக்கட்டும் சார். என் பொண்ணு சோத்துக்கு என்ன பண்ணுவா? எங்க வம்சத்துல முதல் கவர்மெண்ட் வேலை இது. நீங்க நாளைக்கு பிளேன் ஏறிப் போயிடுவீங்க."

சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அல்போன்சாம்மா எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினார். தண்ணீர் போகிறதே என்று அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழும் கன்னடமும் கலந்து நல்லமாதிரியாகத்தான் பேசினார். வேடிக்கை பார்த்த மாடிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது.

"நேரா கேட்டுடறேன் சார். அசோகன் மகளு ஷில்பா. அவளை நீங்க கிறிஸ்டியன் மாடிதீரா? மாத்திட்டீங்களா? ஞானஸ்நானம் ஆச்சா, இல்லையா? ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க, எனக்கு உங்க வார்த்தை போதும்."

சார் எழுந்து நின்றார். கோர்ட்டில் நிற்கிற மாதிரி நின்றார். "ஐயா, என் கையாலதான்..."

"ஆகலை," என்றார் அல்போன்சாம்மா.

சார் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசும்போது இந்த அம்மா குறுக்கே பேசியிருக்க மாட்டார்.

"அவ கால் வெளிய இருந்துச்சு. இடது கால். நான்தான் சாட்சி. முழுகாட்டி எங்க சபையில அது செல்லாது, ஐயா."

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று சார் கேட்டார்.

"உங்களுக்குத் தோள் வலி. தண்ணியும் இல்ல. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

இன்ஸ்பெக்டர் சாரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சார் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "எங்களுக்குச் சாட்சி சொல்றதுதான் முடிவு. அவ பொய் சொல்ல மாட்டா. ஆகலைன்னா ஆகலைதான்."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தக் கால் கட்டைவிரல் தண்ணீருக்குள் போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அல்போன்சாம்மா என்னைப் பார்த்தார். எப்போதும் வருகிற அந்தச் சிரிப்பு இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே சார் மனைவியோடு கீழே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் ஏதோ ஒரு பாரம் இறங்கிய முகம்.

"வனஜாம்மா, அடுத்த வாரம் சனிக்கிழமை தொட்டிக்கு மறுபடி தண்ணி வேணும். பிள்ளையை அரைகுறையா விட்டுட்டுப் போக முடியாது. இந்தத் தடவை விவரமெல்லாம் அவகிட்ட சொல்லிட்டுத்தான். வேலையா, முழுக்கான்னு அவளே முடிவு பண்ணட்டும்."

அந்தப் பெண் முழுக்குதான் என்று சொல்வாள். அவ்வளவு பிரியம் அவளுக்கு இவர்கள்மேல். அல்போன்சாம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கலாம் சார் என்று மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாட்டு முடிந்து தட்டு கிளம்பியது. சனிக்கிழமைவரை ரொட்டி எடுக்க வேண்டாம் என்று சார் சொல்லியிருந்ததால் ஷில்பா கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தட்டு அல்போன்சாம்மாவிடம் வந்தது. அவர் தான் சுட்ட ரொட்டியைப் பார்த்தார். ஒரு துண்டுகூட எடுக்காமல் புருஷன் கையில் கொடுத்தார்.

சார் தட்டைப் பிடித்தபடி மனைவியையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கால் வெளியே தெரிந்ததாகச் சொன்னது பொய். அதைச் சரிசெய்யும் எண்ணமும் மனைவிக்கு இல்லை. அல்போன்சாம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

சாரும் எடுக்கவில்லை. எழுந்து, தட்டோடு கடைசி வரிசைக்கு நடந்து போய் ஷில்பாவின் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்கோம்மா."

"அங்கிள், சனிக்கிழமை..."

"எடுத்துக்கோ. உனக்கு உண்டு."

அன்று சாயங்காலம் அவர் கீழே வந்தார். தனியாக வந்தார். குடிவந்த நாளிலிருந்து அவரைத் தனியாக நான் பார்த்ததே இல்லை.

"தண்ணி வேண்டாம் வனஜாம்மா."

"சரி சார்." அப்புறம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நிஜத்தைச் சொல்லத் தாலுகா ஆபீசுக்குப் போவீங்களா?"

"போகணும்," என்றார். "போகணும்னுதான் இறங்கி வந்தேன். நாளைக்கு எந்த பஸ்னு உங்ககிட்ட கேக்கலாம்னு." மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பஸ் நம்பரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக மேலே ஏறிப் போனார்.

திங்கட்கிழமை இருவரும் ஜோடியாக இறங்கிப் பொம்மசந்திரா பஸ்ஸில் ஏறினார்கள். ஷில்பாவுக்கு ஆர்டர் வந்தது. அசோகன் மைசூர்பாகோடு மாடி ஏறி சாரின் காலில் விழப் போக, சார் அவரைத் தடுத்துத் தூக்கினார்.

அவர்கள் ஊருக்குப் போகும்வரை சனிக்கிழமை தவறாமல் அல்போன்சாம்மா ரொட்டி சுட்டார். வாசனை படியிறங்கி என் சமையலறைவரை வரும். ஞாயிற்றுக்கிழமை தட்டு முதலில் அவர் கைக்கு வரும், அவரிடமிருந்து சாரிடம் போகும். இரண்டு பேரும் எடுக்கமாட்டார்கள். கடைசி வரிசையில் ஷில்பா எடுத்துச் சாப்பிடுவாள். அவள் மென்று முடிக்கும்வரை இருவரும் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.