சொன்ன பேச்சு கேட்காதவள்

எங்கள் நாய் மிக்சரின் வாயில் ஒரு முழுச் சப்பாத்தி, மண்ணும் எறும்புமாய், அவரைப் பந்தலுக்கு அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்துவிட்ட பெருமையில் அதற்கு வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடுகிறது, நான் தண்ணீர் வாளியோடு நிற்கிறேன், முந்தாநாள் நான் சுட்ட சப்பாத்திதான் அது, ஓரம் கருகியிருப்பதை வைத்தே சொல்லிவிடலாம், என் கையால் ஓரம் கருகாமல் ஒரு சப்பாத்தியும் இதுவரை வெந்ததில்லை, ஆனால் மண்ணுக்குள் எப்படிப் போனது, குனிந்து விரலால் கிளறினால் இரண்டு பிஸ்கட், காகிதத்தில் சுற்றிய வெல்லக்கட்டி, ஏழெட்டு நிலக்கடலை, அவற்றில் மூன்று முளைவிட்டு, வெள்ளையாய், குழந்தையின் பால்பல் போல. நிமிர்ந்தால் சமையலறைப் படியில் பூவிழி நிற்கிறாள், ஆறு வயது, எங்கள் வீட்டுக்கு வந்து பதினேழு நாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்புங்க மேடம், இனிமே வெக்க மாட்டேனுங்க மேடம் என்கிறாள், குரல் நடுங்கவில்லை, அதுதான் என்னை உலுக்கியது, மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

மேடம் என்றுதான் கூப்பிட்டாள், அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் பெண்கள் எல்லாரும் மேடம், ஆண்கள் எல்லாரும் சார், என் கணவர் சிவகுரு மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர், கையிலும் வேட்டியிலும் எப்போதும் கிரீஸ், அவரைப் பிறந்ததிலிருந்து யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, முதல் நாள் அவள் கூப்பிட்டபோது மனிதர் திரும்பிப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களா என்று பார்த்தார். எங்களுக்கு நிகிலன் பிறந்த பிறகு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை, மூன்றாவதாக ஒன்று வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்புறம் தத்தெடுக்க விண்ணப்பம், காத்திருப்பு, இரண்டரை வருடம், ஒரு நாள் போன் வந்தது, போனோம், அங்கேயே அவளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டியிருந்தது, நான் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலைதான் செய்கிறேன், ஊசியைக் கண்டு அலறாத குழந்தையைப் பார்த்ததே இல்லை, இவள் தானே கையை நீட்டி முஷ்டியை மடக்கிக்கொண்டாள், எடுத்தவர், எவ்வளவு சமத்து பாருங்க என்றார், எனக்கு அந்தச் சமத்து பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்பது வயது நிகிலன் அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து பார்த்துவிட்டு, தங்கச்சின்னா சின்னதா வரும்னு நெனச்சேன், இது பெருசா இருக்குதே என்றான், மிக்சர் அவள் பாதத்தை நக்கியது, அப்போதும் அவள் அசையவில்லை, நக்கி முடிக்கட்டும் என்று நின்றாள்.

இப்போது நினைத்தால் அந்த மாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கரைந்து கிடக்கின்றன, அவரைப் பூ உதிரும் ஊதா நிறத்தில், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல், ஆனால் சப்பாத்திக்கு மறுநாள் சிவகுரு ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்தது தெளிவாக இருக்கிறது, கண்ணு, இது உன்னுது, பிஸ்கட்டு கடல எல்லாம் இருக்குது, எப்ப வேணாலும் எடுத்துக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம், காலியானா நான் ரொப்பறேன், சரியா, சரிங்க சார். அரைமணி நேரம் கழித்து வந்து நின்றாள், ஒரு பிஸ்கட்டு எடுத்துக்கட்டுங்களா சார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எடுத்துக்கம்மா என்றார். அவள் துணியைத் தானே மடித்தாள், தட்டைத் தானே கழுவினாள், நிகிலன் உடைத்த பூந்தொட்டிக்கும் தப்புங்க மேடம் என்று தானே வந்து நின்றாள், தோட்டத்தில் நான் ஒரு தக்காளி நாற்றைக் காட்டி இங்கே தண்ணி ஊத்து என்றால் அங்கே மட்டும் ஊற்றுவாள், பக்கத்து நாற்று வாடிக் கிடந்தாலும் கேட்காமல் ஊற்ற மாட்டாள், அக்கம்பக்கத்தில் எல்லாரும், எத்தன அடக்கமான புள்ள என்றார்கள், நான் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை, அது இன்னமும் கனவில் வருகிறது, கனவில் தெரு முடிவதே இல்லை, நான் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறேன், நிஜத்தில் செருப்புப் போட்டிருந்தேன். கீரைக்காரம்மா வந்தார்கள், ரெண்டு கட்டு வாங்கிட்டு வா பூவிழி என்று நான்தான் அனுப்பினேன், வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை, மிக்சரைக் காணவில்லை என்று தெரிந்தபோது மணி பத்து. சிவகுரு மொபெட்டில் மருதமலை ரோட்டுப் பக்கம் போனார், நிகிலன் சைக்கிளில் வாய்க்கால் பக்கம், பூவிழி, நீ வீட்லயே இரு என்று சொல்லிவிட்டு நான் தெருத்தெருவாய், மிக்சர், மிக்சர் என்று கத்திக்கொண்டு போகிறேன், பேக்கரி வாசலில் நின்றவர், உள்ள வாங்கக்கா, காரமா சாதாவா என்கிறார், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் நிகிலன்தான் கண்டுபிடித்தான், கல்யாண மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைக் குவியலுக்குப் பக்கத்தில், வயிறு மத்தளமாய், எழுந்திருக்க முடியாமல் எங்களைப் பார்த்து வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டியது.

மிக்சரை மொபெட்டில் மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் திரும்பி வருகிறோம், நிகிலன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டே முன்னால், கேட்டருகே கல்லின்மேல் பூவிழி உட்கார்ந்திருக்கிறாள். இல்லத்திலிருந்து வந்தபோது போட்டிருந்த மஞ்சள் கவுன், தலையைத் தானே வாரியிருக்கிறாள், வகிடு கோணல், மடியில் அவள் கொண்டுவந்த பை, அவளுடைய நான்கு துணி மட்டும் அதில், நாங்கள் வாங்கிக் கொடுத்ததெல்லாம் கட்டிலின்மேல் மடித்து அடுக்கியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். எழுந்து நின்றாள், நான் ரெடிங்க மேடம். எதுக்குடா கண்ணு என்று கேட்டேன், கேட்கும்போதே தெரிந்துவிட்டது, நாய் மடியில் கனத்துக் கிடந்தது.

நிகிலன் சைக்கிளை அப்படியே போட்டான். எங்க போற? இல்லத்துக்கு. எதுக்கு? கேட்ட தொறந்து உட்டுட்டேன். அவன் அவளை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான், நான் மூணு தடவ தொறந்து உட்டிருக்கேன், ஒருக்கா மிக்சர் ரெண்டு நாள் வரவே இல்ல, என்னய ஒண்ணும் எங்கயும் அனுப்பல, ரிமோட்டத்தான் புடுங்கி வெச்சாங்க என்றான், பிறகு அநியாயம் நடக்கப்போகிறது என்ற கோபத்தோடு அப்பாவிடம் திரும்பி, அப்பா, இவளுக்கும் டிவி கெடையாதுன்னு சொல்லுங்க, எனக்கு மட்டும் ஒரு வாரம் சொன்னீங்கல்ல. சிவகுரு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஆமா, ஒரு வாரத்துக்கு உனக்கு டிவி கெடையாது என்றார், குரலைக் கடுமையாக்கப் பார்த்தார், வரவில்லை. பூவிழி யோசித்தாள். ஒரு வாரத்துக்கு அப்பறமுங்க? அப்பறம் டிவி பாக்கலாம். இங்கயேவா? பின்ன எங்க, டிவி இங்கதான இருக்குது. அவள் பையைக் கல்லின்மேல் வைத்தாள், வைத்துவிட்டுத்தான் அழுதாள், வந்ததிலிருந்து முதல் தடவை, வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, சின்னக் குழந்தை அழுவதுபோல், மிக்சர் பயந்து மடியிலிருந்து குதித்து இரண்டு கல்யாணச் சாப்பாட்டை வாசலில் கக்கியது.

ஆனாலும் ஒரு வாரமும் டிவிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள், ஒரு நாளும் திரும்பவில்லை, மேடம் மட்டும் எங்கேயோ உதிர்ந்துபோனது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை, என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று முந்தானையைத் தொடுவாள், இந்தாங்க என்பாள், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் சொல்லித்தரவில்லை, சொன்னால் கேட்டுவிடுவாள் என்பதுதான் என் பயம்.

ஐப்பசியில் மழை பிடித்தது, தோட்டம் முழுக்க ஓடை, பள்ளிக்கூட நாள், காலை ஏழரை, அவள் பப்பாளி மரத்தடியில் குந்தியிருக்கிறாள், தேங்காய்ச் சிரட்டையால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கத்தரிப் பாத்திக்குத் திருப்புகிறாள், யாரும் சொல்லவில்லை, மிக்சர் வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளிக்கொண்டிருக்கிறது, இருவரும் ஒரே நிறம். பூவிழி, வேன் வந்துரும், குளிக்க வா. அவள் திரும்பவில்லை. பூவிழி. இரு, இந்தத் தவள தாண்டட்டும். தவளையெல்லாம் தானாத் தாண்டிக்கும், நீ வா. மாட்டேன். என்னது? மாட்டேன், போம்மா.

மழைச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று நின்றேன், அவளுக்கு என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை, தவளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் உள்ளே ஓடினேன், கை ஈரத்தோடு போனை எடுத்துப் பட்டறைக்குப் போட்டேன், ஏங்க, பூவிழி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறா. அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் இரைச்சல், அதை நிறுத்தினார், நெசமாலுமா? போம்மாங்கறாளுங்க, என்னய. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திட்டினயா? இன்னும் இல்லீங்க. திட்டு புள்ள, நல்லாத் திட்டு, நிகிலனத் திட்டற மாதிரியே திட்டு.

போனை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, ஏண்டி, உனக்குக் காது கேக்குதா இல்லயா, எத்தன வாட்டி கூப்பிடறது, மனுசியா இல்ல எருமையா நீ, சளி புடிச்சு மூக்கு ஒழுகிட்டு வருவயில்ல, அப்பக் கவனிச்சுக்கறேன் உன்ன என்று மூச்சுவிடாமல் திட்டினேன், கன்னத்தில் வழிந்தது மழைதான் என்று வைத்துக்கொள்ளலாம், அவள் கொஞ்சமும் அசையாமல், இதோ வர்றேங்கறேன்ல என்று முதுகைக் காட்டிக்கொண்டே சலித்துக்கொண்டாள், வேன் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு நிகிலனை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று, நான் திட்டிக்கொண்டே இருந்தேன்.