தீக்குச்சி வேலி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நந்தகோபால் ஆடுகளை எடுத்து வைத்தான். ஆடுகள் என்றால் பருத்திக்கொட்டைகள். பஞ்சு முழுக்க உதிராமல் வெள்ளை ரோமம் ஒட்டிக்கொண்டிருப்பவையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தான். கொஞ்சம் காற்றடித்தாலே உருண்டுவிடும். தரையில் விரித்திருந்தது, அச்சில் வண்ணம் பிசகி வீணாய்ப்போன ஒரு கல்யாண பிளக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் குப்புறக் கிடக்க, அவர்களுடைய வெள்ளை முதுகில் அவன் ஒரு தேசத்தையே வரைந்திருந்தான். ஓடைகள், வற்றிய கண்மாய்கள், வெடிப்பு விட்ட கரிசல் காடு, அதன் நடுவே மந்தைகள் போகும் நீண்ட பாதை. பாதையின் குறுக்கே தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்திய தீக்குச்சிகள். மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் வள்ளிமயில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தாள். எதற்கு இவ்வளவு, கோட்டை கட்டப்போகிறாயா என்று கேட்டதற்கு, வேலி என்று மட்டும் சொன்னான்.

கோவில்பட்டியில் அவன் வேலை பார்க்கும் பிளக்ஸ் கடை ஞாயிறு விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கி, அவன், வள்ளிமயில், வேல்ராஜ், சக்திகுமார் என்று நாலு பேரும் அங்கேதான் விளையாடுவார்கள். விளையாட்டைக் கொண்டுவந்தவன் சக்திகுமார். பெங்களூரில் கம்பெனி வேலை. இப்போது ஊரில் வீட்டிலிருந்தே பார்க்கிறான். ஒருவன் கேம் மாஸ்டர். உலகத்தை அவன் சொல்வான். அதில் வரும் ராஜாவும் பேயும் வழிப்போக்கனும் அவன் குரலில்தான் பேச வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் இறங்கி, செய்ய நினைப்பதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். ஒரு வருஷமாக சக்திதான் கேம் மாஸ்டர். பனிமலை, கோட்டை, நெருப்பு கக்கும் டிராகன் என்று போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு முதல் முறையாக நந்தகோபாலின் முறை.

ஒரு ஞாயிறு, சக்தியின் பனிமலையில் இவர்கள் வழி தவறிவிட்டார்கள். வழி சொல்ல சக்தி ஓர் ஆட்டுக்காரனைக் கொண்டுவந்தான். வாயைக் கோணிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் இழுத்து, கேட்டதைப் புரிந்துகொள்ளாமல் திருதிருவென்று விழிக்கிற ஆட்டுக்காரன். குகை இருக்கும் திசையைக் கைகாட்டியதும் மிருகம் வந்து அவனைத் தின்றுவிட்டது. அவன் வேலை முடிந்தது. வேல்ராஜ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நந்தகோபாலும் சிரித்தான். பஸ்ஸில் கயத்தாறு ரோட்டில் ஊருக்குத் திரும்பும்போதுதான் அவனுக்கு உறைத்தது. தின்ற மிருகத்துக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. ஆட்டுக்காரனுக்கு இல்லை.

சக்திக்கும் அவனுக்கும் ஒரே ஊர். வெள்ளாமை எடுத்த பிறகு, கோடை முழுக்க, நந்தகோபாலின் அப்பா கொம்பையாவின் மந்தை சக்தி வீட்டுக் காட்டில்தான் கிடை கிடக்கும். ராத்திரிக்கு ராத்திரி கிடை இடம் மாறும். புழுக்கையும் மூத்திரமும் இறங்கி, அடுத்த மழைக்கு அந்தக் கரிசல் நெய் மாதிரி இருக்கும். கிடை இறங்கிவிட்டால் கிடைக்காரருக்கு ராச்சோறு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வர வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டதும் இல்லை, கொடுக்க மறந்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தவனே சக்திதான். பிறகு, சக்தி பெங்களூரில் இருந்தபோது, அவன் அப்பா பெருமாள்சாமி அந்தக் காட்டைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். கம்பிவேலி காட்டோடு நிற்காமல் வண்டிப்பாதையையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. வேலி எழும்பிய கோடையில் மந்தையோடு போன கொம்பையாவை, கேட்டில் நின்ற காவலாளி சுற்றிப் போகச் சொன்னான். முன்னால் போன கிடாவின் கொம்பைப் பிடித்துத் திருப்பிவிட்டு, வந்த வழியே நடந்தார். நந்தகோபாலுக்கு வேலியின் மேல் இருந்த ஆத்திரத்தைவிட அந்தத் திரும்பலின் மேல் இருந்த ஆத்திரம் பெரிது. இதைப் பற்றி சக்தி இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த வாரமும் பகடையை எடுத்துக்கொண்டு விளையாட வந்தான்.

பிளக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பஸ் ஜன்னலோரத்திலும் நந்தகோபால் இந்த உலகத்தை மாதக்கணக்காகக் கட்டினான். மந்தை படுத்து எழுந்தால் மட்டுமே மண் விளையும் தேசம். பாதைகளை அடைத்துவிட்ட ராஜா. மந்தையை ஓட்டிவரும் ஓர் இடையன். மந்தைக்குத் துணையாக வரும் மூன்று வீரர்கள். அவர்கள் வேலிக்கு வருவார்கள்; வாளால் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொன்றும் அவன் மனதில் தயாராக இருந்தது. சக்தியின் வாய் அந்த வேலியை வெட்டுகிறேன் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும் அவனுக்கு. வெட்டாவிட்டால் என்ன என்பதை அவன் யோசிக்கவே இல்லை.

இப்போது வேர்வை வடிய மூன்று பேரும் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலி யாருது?" என்றான் சக்தி.

"ராஜாவோடது."

"காவலுக்கு ஆள் எடுக்காவளா?"

வேல்ராஜ் குலுங்கிச் சிரித்தான்.

"சிரிக்காதல. வாளைத் தூக்கிட்டு வெயில்ல இந்த மந்தை பின்னால அலையுததுக்கு, மாசச் சம்பளம் நல்லதுதான? நான் வேலிக்காரன்ட்ட சேருதேன்." சக்தி பகடையை உருட்டினான். பெரிய எண் விழுந்தது; வேலை கிடைத்துவிட்டது.

"எனக்கும் ஒரு காக்கிச் சட்டை சொல்லுல" என்றான் வேல்ராஜ்.

நந்தகோபாலுக்குக் காது மடல் சுட்டது. ஒரு சொல் போதும். கரிசல் வெடிப்பு வாய் பிளந்து அந்தக் காவல்காரனை விழுங்கியது என்று சொல்லிவிடலாம். கேம் மாஸ்டர் சொன்னால் அந்த உலகத்தில் நடந்தாக வேண்டும். சக்தி அந்த ஆட்டுக்காரனைத் தின்னக் கொடுத்ததைப் போல, பெயர் சொல்லாமல் கொன்றுபோடலாம். மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"வேலிக்கு வெளிய மந்தையோட ஒருத்தர் நிக்காருல்லா" என்றாள் வள்ளிமயில். அவள் சிரித்திருக்கவில்லை. "அவரு என்ன செய்யுதாரு?"

நந்தகோபால் குனிந்து பருத்திக்கொட்டைகளைப் பாதையிலிருந்து கையால் ஒதுக்கி, தீக்குச்சி வாசலுக்கு நேர் எதிரே வட்டமாகக் கூட்டினான். அந்த இடையனுக்கென்று ஒரு குரலைப் பழகி வைத்திருந்தான்; கம்பீரமான, கதைகளில் வரும் பெரியவர் குரல். வாயைத் திறந்தபோது வந்தது அது இல்லை. தணிந்த, சளி கட்டிய, வீட்டில் தினமும் கேட்கிற குரல்.

"பொழுது சாஞ்சிட்டு. மந்தையை இங்கனயே மறிச்சாச்சு. இனி விடியுத வரைக்கும் கிடை கெளம்பாது." நிமிர்ந்து சக்தியைப் பார்த்தான். "தம்பி, கிடை எறங்கியாச்சு. ராச்சோறு எங்க?"

சக்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு, எடுக்க மறந்த சாமான் மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

"வேலிக்கு வெளிய படுத்தவனுக்கு ராஜா எதுக்குல சோறு போடணும்?" என்றான் வேல்ராஜ். டவுன்காரன். கிடை வழக்கம் அவனுக்குத் தெரியாது.

"எங்கப்பாதான் கையெழுத்துப் போட்டாவ" என்றான் சக்தி. "நான் அப்ப பெங்களூர்ல இருந்தேன்."

"கையெழுத்தைக் கேக்கல, தம்பி. சோறு கேக்கேன்."

"நந்து, வெளையாட்ட வெளையாட்டா…"

"வெளையாட்டுதான். அன்னைக்கு ஆட்டுக்காரனைத் தின்னக் குடுத்ததும் வெளையாட்டுதான்."

பகடை சக்தியின் கைக்குள் இருந்தது. அவன் உருட்டவில்லை. தப்பித்துப் போக ஒரு வழி தேடுகிறவனாக, "இவருக்குப் பேரு என்ன வச்சிருக்க?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியும்."

மூடிய ஷட்டரின் தகரம் வெயிலில் சூடேறி நெட்டி முறித்தது. வேல்ராஜ் வாய்க்குக் கொண்டுபோன காராச்சேவைக் காகிதத்திலேயே போட்டுவிட்டான். வள்ளிமயில் எழுந்தாள். வேக்காடு தாங்கவில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி, சுவரோரம் போய் மின்விசிறியைப் போட்டாள். நந்தகோபால் தடுக்கவில்லை.

இறக்கைகள் முனகிச் சுழலத் தொடங்கின. வட்டத்தின் ஓரத்தில் இருந்த கொட்டை ஒன்று நடுங்கி உருண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தமும் கலைந்து, அந்த வெள்ளைத் தேசத்தின் மேல் ஓடி, தீக்குச்சிகளில் போய் முட்டி ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியது. தெர்மாகோலில் ஒரு குச்சி மெல்லச் சாய்ந்தது. சக்தி கையை நீட்டினான். அவன் விரல்கள் அந்தக் குச்சிக்கு மேல் வந்து நின்றன. பிடித்து நிமிர்த்தவா, பிடுங்கவா என்று தெரியாமல் நந்தகோபால் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.